இல்லாமற்போன நாட்டின் காற்பந்து அணி

ஈப்போவில் தொண்ணூறுகளில் காற்பந்து பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கார்ல் ஹைன்ஸ் வைகாங்கை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1998இல் பேராக் அணி மலேசியக் கிண்ணத்தை வென்றபோது பயிற்றுநராக இருந்தவர் அந்த ஜெர்மானியர்தான். அதற்கும் முன்பு, 1979 முதல் 1982 வரை, மலேசிய தேசிய அணியைப் பயிற்றுவித்தார். மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும், நாடு அந்தப் போட்டியைப் புறக்கணித்ததால் போகாமல் நின்ற அணி அது. இந்த இரண்டு கதைகளும் எங்கள் ஊர் டீக்கடைகளில் இன்றும் ஓடுகின்றன. ஆனால் வைகாங் மலேசிய மண்ணில் வாங்கிய முதல் கிண்ணம் இவற்றுக்கெல்லாம் மூத்தது. 1966 ஆகஸ்டில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் அவர் அதை வாங்கியபோது அவருக்கு வயது முப்பதை ஒட்டி. அவர் கூட்டிவந்திருந்த அணியின் நாடு இன்று வரைபடத்தில் இல்லை.

அந்த நாடு தென் வியட்நாம், தலைநகர் சைகோன். அந்த அணியைப் பற்றி முதலில் எனக்குச் சொன்னவர் பெரியப்பா. செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். மெர்டேக்கா கிண்ண ஆட்டங்களைத் தவறவிடாதவர். "சைகோன்காரன் ஓடிக்கொண்டே இருப்பான், மூச்சு வாங்க மாட்டான்" என்பார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பார்த்த ஆட்டத்தைப் பற்றி ஒரு ரசிகர் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட வேண்டும் என்பது என் கொள்கை. ஆனாலும் மீதிப் பாதி விடாமல் உறுத்தியதால், கிடைத்ததையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தென் வியட்நாம் அணியை ஆசியாவின் மாபெரும் அணியாக வருணிக்கும் பழக்கம், அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறிய பழைய சைகோன்வாசிகளிடம் உண்டு. ஊரை இழந்தவர்களின் நினைவில் ஊரின் எல்லாமே பெரிதாகத்தான் தெரியும். அதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 1956இல் ஹாங்காங்கில் நடந்த முதல் ஆசியக் கிண்ணத்தில் இந்த அணி நான்காம் இடம் பிடித்தது. கேட்க நன்றாக இருக்கிறது. இறுதிச் சுற்றில் ஆடியவை மொத்தம் நான்கு அணிகள். ஹாங்காங்குடன் 2-2 என்று சமன், இஸ்ரேலிடம் 1-2, தென் கொரியாவிடம் 3-5. நான்கு ஆண்டுகள் கழித்து சியோலில் நடந்த இரண்டாவது ஆசியக் கிண்ணத்திலும் அதே நான்காம் இடம், அதே நான்கு அணிக் கணக்கு. இம்முறை புள்ளியே இல்லை: தென் கொரியாவிடம் 1-5, இஸ்ரேலிடம் 1-5, தைவானிடம் 0-2. ஆக, ஆசியக் கிண்ண இறுதிச் சுற்றுகளில் ஆறு ஆட்டங்கள், ஒரே ஒரு சமன், வெற்றி இல்லை.

இருந்தும் அந்த மேடைக்குப் போனதே பெரிய விஷயம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் வெளியேறாத காலத்திலேயே, 1952இல், சைகோனைச் சேர்ந்த சங்கம் பிபாவில் உறுப்பினரானது. 1954 மே மாதம் மணிலாவில் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு உருவானபோது அதை நிறுவிய பன்னிரண்டு சங்கங்களில் வியட்நாமும் ஒன்று. இந்தியா, பர்மா, சிங்கப்பூர் எல்லாம் அதே வரிசையில் இருந்தன. அதே ஆண்டு ஜூலையில் ஜெனீவாவில் நாடு பதினேழாவது அட்சரேகையை ஒட்டி இரண்டாகப் பிரிந்தது. ஆசியக் கூட்டமைப்பிலும் பிபாவிலும் இருந்த நாற்காலி தெற்கின் கைக்குப் போனது. வடக்கே ஹனோயில் வேறோர் அணி இருந்தது. அது 1956இல் சீனாவுடன் ஆடத் தொடங்கி, பெரும்பாலும் தோழமை நாடுகளோடு மட்டுமே மோதிக்கொண்டிருந்தது. ஆக, உலகம் 'வியட்நாம்' என்று எழுதியபோதெல்லாம் களத்தில் நின்றது சைகோன் அணி. பின்னால் வரப்போகும் வழக்குக்கு விதை இங்கேதான் விழுந்தது.

அந்தக் காலத்து சைகோன் கிளப்களின் பெயர்களைப் படிப்பதே சுவையான வேலை. சுங்கத்துறை ஓர் அணி, தேசியப் போலீஸ் ஓர் அணி, இராணுவத் தலைமையகம் ஓர் அணி, வணிக வங்கி ஒன்றுக்கு ஓர் அணி. இவற்றுக்கு முன்பே பிரெஞ்சுக் காலத்தில் தொடங்கிய 'கியா தின் நட்சத்திரம்' போன்ற பழைய கிளப்களும் இருந்தன. மலாயாவிலும் அப்போது இதே கதைதான்: போலீஸ், ரயில்வே, மின்சார வாரியம் என்று வேலை ஓர் இடத்தில், ஆட்டமும் அந்த இடத்துக்காக. சம்பளம் அலுவலகத்தில் வரும், பெயர் திடலில் வரும். ஆனால் சைகோனில் இதற்கு இன்னொரு பக்கம் இருந்தது. போர் முற்றிய பிறகு, இருபது வயது இளைஞன் ஒருவன் இராணுவ அணியிலோ போலீஸ் அணியிலோ இடம் பிடிப்பது என்பது முன்னணிக்குப் போகாமல் நகரத்திலேயே இருப்பதற்கும் ஒரு வழியாக இருந்திருக்கும். ஒரு பந்தை நன்றாக உதைக்கத் தெரிவது அந்த ஊரில் அந்தக் காலத்தில் எவ்வளவு பெறும் என்று கணக்கிட்டால் ஆட்டத்தின் தீவிரம் புரிகிறது.

1959 டிசம்பரில் பேங்காக்கில் முதல் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகள், சுருக்கமாக 'சீப்', நடந்தன. இன்று சீ விளையாட்டுப் போட்டி என்று நாம் சொல்வதன் மூதாதை. காற்பந்து இறுதியாட்டத்தில் தென் வியட்நாம், சொந்த மண்ணில் ஆடிய தாய்லாந்தை 3-1 என்று வீழ்த்தித் தங்கம் வென்றது. அந்த அணியின் கோல்காவலர் பாம் வான் ராங். பழைய சைகோன்வாசிகள் இவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். எந்தப் பந்தையும் பிடித்துவிடும் இரண்டு கைகள் என்பது அவருக்குப் பட்டமாகவே இருந்தது. இந்தத் தங்கத்தை இங்கே கொஞ்சம் அழுத்தி வைக்கிறேன். அறுபது ஆண்டுகள் கழித்து இதைத் தேடி ஆட்கள் வருவார்கள்.

இந்திய வாசகர்களுக்கு இந்த அணி ஒருமுறை குறுக்கே வந்திருக்கிறது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுகளில் இந்தியா தங்கம் வென்றதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். தென் கொரியாவுடனான இறுதியாட்டத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முந்தைய அரையிறுதியில் இந்தியாவை உண்மையிலேயே தடுமாறவைத்தது தென் வியட்நாம். 3-2 என்று இந்தியா தப்பியது. சுனி கோஸ்வாமி இரண்டு கோல் போட்டார். அதற்கு முன் ஓர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த தற்காப்பாளர் ஜர்னைல் சிங்கை, பயிற்றுநர் ரஹீம் முன்வரிசையில் நிறுத்தினார். அவரும் ஒன்று போட்டார். ஒரு தற்காப்பாளரைக் கோல் போட அனுப்ப வேண்டியிருந்தது என்பதிலேயே எதிரணியின் தரம் தெரிகிறது என்பேன். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் தென் வியட்நாம் மலாயாவிடம் 1-4 என்று தோற்றது. மலாயாக்காரர்கள் அந்தப் பதக்கத்தைக் கொண்டாடினார்கள். தோற்றவர்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது 1966.

மெர்டேக்கா போட்டியைத் துங்கு அப்துல் ரஹ்மான் 1957இல், நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில், தொடங்கிவைத்தார். காற்பந்து மோகம் பிடித்த பிரதமர். 1958 முதல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைவரும் அவர்தான். ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஆசிய அணிகளைக் கூட்டிவந்து கோலாலம்பூரில் ஆடவைப்பது அவருக்கு விளையாட்டும் அரசியலும் கலந்த வேலை. 1966இல் அந்தக் கலவை இன்னும் கெட்டியாக இருந்தது. இந்தோனேசியாவுடனான மோதலுக்கு முற்றுப்புள்ளி வைக்கும் உடன்பாடு அந்த ஆகஸ்ட் 11ஆம் தேதிதான் கையெழுத்தானது. தென் வியட்நாம் அரசுக்குத் துங்குவின் மலேசியா வெளிப்படையான நண்பன். சைகோனின் போலீஸ் அதிகாரிகளுக்கு இங்கே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த காலம். எனவே சைகோன் அணி மெர்டேக்கா அரங்கத்துக்குள் நுழைந்தபோது வரவேற்புக்குக் குறைவிருந்திருக்காது.

வரவேற்பு இருந்ததே தவிர, கிண்ணம் அவர்களுக்குக் கிடைக்கும் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். காரணம் பர்மா. இன்றைய மியன்மார் அணியைப் பார்த்துவிட்டு அன்றைய பர்மாவைக் கற்பனை செய்ய முடியாது. 1965 தொடங்கி 1973 வரை சீப் விளையாட்டுகளில் ஐந்து முறையும் காற்பந்துத் தங்கம் அவர்களிடம்தான். முதல் முறை மட்டும் தாய்லாந்துடன் பங்கு. 1968 ஆசியக் கிண்ணத்தில் இரண்டாம் இடம். 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடினார்கள். மெர்டேக்கா கிண்ணத்தையும் 1964இல் தூக்கிப் பார்த்திருந்தார்கள். தென்கிழக்காசியாவில் அவர்களை எதிர்கொள்வது, முதல் ஐந்து நிமிடத்தில் எவ்வளவு தோல்வி என்று கணக்குப் போடும் வேலை.

அந்த பர்மாவை இறுதியாட்டத்தில் தென் வியட்நாம் 1-0 என்று வென்றது.

எனக்கு இந்த 1-0 ஏன் பிடிக்கிறது என்றால், அதற்கு நான்கு மாதம் கழித்து நடந்ததால். 1966 டிசம்பரில் பேங்காக்கில் ஆசிய விளையாட்டுகள். அங்கே பர்மா ஈரானை 1-0 என்று வென்று ஆசியத் தங்கம் எடுத்தது. அதாவது ஆகஸ்டில் சைகோன் பையன்கள் தோற்கடித்தது, சரிவில் இருந்த அணியை அல்ல. ஆசியாவின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த அணியை. ஒற்றை கோல் வெற்றிகளில் அதிர்ஷ்டத்துக்கு எப்போதும் பங்கு உண்டுதான். ஆனால் ஒரு போட்டி முழுவதும் நின்று, கடைசியில் அப்படிப்பட்ட அணிக்கு எதிராகக் கோல் விடாமல் முடிப்பதற்கு அதிர்ஷ்டம் மட்டும் போதாது.

இங்கேதான் வைகாங்கின் கை தெரிகிறது என்று நினைக்கிறேன். மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்த இளைஞர், பயிற்றுநர் தொழிலில் அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்தார். அவருடைய பிற்காலப் பாதையைப் பாருங்கள்: 1972 ஆப்பிரிக்கக் கிண்ணத்தில் மாலி அணியை இறுதியாட்டம் வரை கொண்டுபோனார்; கானா, மலேசியா, வியட்நாம், பேராக் என்று போன இடமெல்லாம் உடல்வலிமைப் பயிற்சியிலும் ஒழுங்கிலும் கறார் என்ற பெயர் கூடவே வந்தது. பெரியப்பா சொன்ன 'மூச்சு வாங்க மாட்டான்' என்பதை நான் தள்ளுபடி செய்யாத பாதியில் சேர்த்துக்கொண்டது இதனால்தான். உருவத்தில் சிறிய, பந்தில் நளினமான ஆட்டக்காரர்களிடம் தொண்ணூறு நிமிடத்துக்கும் ஓடுகிற கால்களைச் சேர்த்துவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த ஆகஸ்டில் கோலாலம்பூர் பார்த்தது.

அணித்தலைவர் பாம் ஹுயின் தாம் லாங். 1942இல் மீகோங் கழிமுகத்தில் உள்ள கோ கோங்கில் பிறந்தவர், தற்காப்பாளர். பார்க்க அழகர், பேச்சில் அமைதி. சைகோன் மேடை நாடக உலகின் நட்சத்திரமான பாக் துயெத்தை மணந்தவர் என்பதால் பத்திரிகைகளுக்கு இரட்டைத் தீனி. அந்தத் திருமணம் நீடிக்கவில்லை, ஆனால் தாம் லாங்கின் ஆட்ட வாழ்க்கை மிக நீண்டது. இந்தக் கதையில் அவர் இன்னும் இருமுறை வருவார்.

கிண்ணம் வந்த அடுத்த ஆண்டே சைகோன் தானும் ஒரு போட்டியை நடத்திப் பார்த்தது. 1967 நவம்பர்; தேசிய தினத்தை ஒட்டி எட்டு அணிகள். பட்டியலைக் கவனித்தால் அது காற்பந்துப் பட்டியலா படை உதவிப் பட்டியலா என்று சந்தேகம் வரும். தென் கொரியா, தாய்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என நான்கு நாடுகளின் வீரர்கள் அப்போது தென் வியட்நாமில் துப்பாக்கியோடும் நின்றார்கள். மலேசியா, சிங்கப்பூர், ஹாங்காங் மற்ற விருந்தாளிகள். நகரம் இயல்பாக இருக்கிறது, விருந்தினர் வருகிறார்கள், மக்கள் ஆட்டம் பார்க்கிறார்கள் என்று உலகத்துக்குக் காட்ட வேண்டியிருந்தது. ஆட்டத்துக்கு முன் திடலில் கண்ணிவெடி தேடியதையும், விடுதியில் தூரத்து வெடிச்சத்தம் கேட்டபடி தூங்கியதையும் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்கள் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். ஜானி வாரன் தலைமையில் வந்த அந்த ஆஸ்திரேலிய அணி, தென் வியட்நாமைப் பெருங்கூட்டத்துக்கு நடுவே 1-0 என்று வென்று, அரையிறுதியில் மலேசியாவையும் அதே 1-0 என்று தள்ளி, இறுதியில் தென் கொரியாவை 3-2 என்று வீழ்த்தியது. ஆஸ்திரேலியாவின் முதல் சர்வதேசக் கிண்ணம் அது. பரிசை வாங்கிக்கொண்டு அவர்கள் போனார்கள். இரண்டே மாதத்தில், 1968 ஜனவரி கடைசியில், வடக்குத் தரப்பின் தெத் புத்தாண்டுத் தாக்குதல் அதே நகரத்தின் தெருக்களுக்குள் வந்தது.

அந்த ஆட்டங்கள் நடந்த அரங்கத்துக்கு ஒருமுறை போயிருக்கிறேன். வேலை விஷயமாக, சைகோனின் இன்றைய பெயரான ஹோ சி மின் நகரத்துக்குப் போனபோது, காலையில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் உள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். செட்டியார்களும் புதுச்சேரிக்காரர்களும் வட்டிக்கடையும் துணிக்கடையும் வைத்திருந்த காலத்தின் மிச்சம் அது, இப்போது பெரும்பாலும் வியட்நாமியர்களே வந்து ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். மாலையில் சோலோன் பக்கம் அரங்கத்தைத் தேடிப் போய் ஓர் உள்ளூர் லீக் ஆட்டம் பார்த்தேன். பிரெஞ்சுக்காரர்கள் 1931இல் கட்டியபோது ரெனோ என்பவரின் பெயர் வைத்தார்கள். குடியரசுக் காலத்தில் கோங் ஹோவா அரங்கம். 1975க்குப் பிறகு தோங் நாத், அதாவது மறுஒன்றிணைவு அரங்கம். திடலைச் சுற்றி ஓட்டப்பாதை இருப்பதால் ஆட்டம் கொஞ்சம் எட்டத்தில் நடக்கிறது. அதைத் தவிர வசதியான, பழைய மாதிரியான இடம். கச்சான் விற்ற பாட்டியிடம் ஆட்டத்தைப் பற்றிக் கேட்க எனக்கு மொழி தெரியவில்லை.

1967க்குப் பிந்தைய ஆண்டுகளை நான் வேகமாகக் கடக்கிறேன், அவை அப்படித்தான் கடந்தன. 1967 சீப் இறுதியாட்டத்தில் பர்மா 2-1 என்று பழிதீர்த்தது. 1973இல் சிங்கப்பூரில் நடந்த இறுதியாட்டத்திலும் அதே பர்மா, இந்த முறை 3-2. நடுவில் உலகக் கிண்ணத் தகுதிச்சுற்று என்று ஒரே ஒரு முயற்சி: 1973 மே மாதம், போர்நிறுத்தத்துக்கான பாரிஸ் உடன்பாட்டின் மை காய்ந்து நான்கு மாதத்தில், சியோலில். தாய்லாந்தை 1-0 என்று வென்றார்கள். ஜப்பானிடம் 0-4, ஹாங்காங்கிடம் 0-1. உலகக் கிண்ண வரலாற்றில் தென் வியட்நாமுக்குச் சொந்தமான பக்கம் இந்த மூன்று ஆட்டங்களோடு முடிந்துவிடுகிறது. 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்தது. நாட்டோடு அணியும் போனது. ஆட்டக்காரர்களில் சிலர் கடல் தாண்டினார்கள், சிலர் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

தாம் லாங் இருந்தார். அடுத்த ஆண்டு, 1976 நவம்பர் 7 அன்று, பெயர் மாறிய அதே அரங்கத்தில், துறைமுகத் தொழிலாளர் அணியாகப் புதிதாக எழுந்த சைகோன் துறைமுகம், ஹனோயிலிருந்து வந்த ரயில்வே தலைமையகம் அணியைச் சந்தித்தது. வடக்கும் தெற்கும் ஒரே திடலில் ஆடிய முதல் ஆட்டம். மேல்தட்டில் இதை எவ்வளவு யோசித்து ஏற்பாடு செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். தெற்கின் ரசிகர்கள் நிரம்பி வழியும் அரங்கத்தில், ஒரு தவறான தடுப்பாட்டம் போதும், விளையாட்டு வேறு எதுவாகவோ மாறிவிடும். அப்படி எதுவும் நடக்கவில்லை. ரயில்வே அணி 2-0 என்று வென்றது. முதல் கோலைப் போட்டவர் மாய் தூக் சுங், இரண்டாவதை லே துய் ஹாய். சுங்கை இன்றைய வாசகர்களுக்கு வேறு விதமாகத் தெரிந்திருக்கலாம்: 2023 மகளிர் உலகக் கிண்ணத்துக்கு வியட்நாம் பெண்கள் அணியைக் கூட்டிப்போன முதிய பயிற்றுநர் அவர்தான்.

தாம் லாங் பிறகு பயிற்றுநர் கல்விக்காகக் கிழக்கு ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். மேற்கு ஜெர்மானியரிடம் ஆடிக் கிண்ணம் வென்றவர், கிழக்கு ஜெர்மானியரிடம் பாடம் படித்தார். இரண்டு ஜெர்மனிகள், இரண்டு வியட்நாம்கள் என்று இருந்த உலகத்தில் ஒரே மனிதர் இந்த நான்கிலும் கால் வைத்திருக்கிறார். திரும்பி வந்து சைகோன் துறைமுகம் அணியை இருபது ஆண்டுகள் வளர்த்து, நான்கு முறை நாட்டின் வெற்றியாளராக்கினார். 2014இல் காலமானார். ஆட்சி மாறியபோது ஊரின் ஆட்டம் அறுந்துபோகாமல் இருந்ததற்கு எந்தத் தீர்மானத்தையும் விட இவரைப் போன்ற சிலரே காரணம் என்பது என் கருத்து.

ஒன்றிணைந்த வியட்நாம் சர்வதேசக் களத்துக்குத் திரும்ப 1991 வரை ஆனது. மணிலா சீ விளையாட்டுகள். நான்கு ஆண்டு கழித்து அவர்கள் பயிற்றுநராக யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? வைகாங்கை. சைகோன் அணியைக் கட்டியவரிடம் ஹனோய் தன் அணியைக் கொடுத்தது. 1995இல் சியாங் மாய் சீ விளையாட்டுகளில் அரையிறுதிக்குப் போனார்கள். எதிரணி மியன்மார், பழைய பர்மா! கூடுதல் நேரத்தில் திரான் மின் சியென் தங்க கோல் போட்டு 2-1 என்று முடித்தார். இருபத்தொன்பது ஆண்டு இடைவெளியில் ஒரே பயிற்றுநர், ஒரே எதிரி, இரண்டு வெவ்வேறு நாடுகள், ஒரே பெயர். இறுதியில் தாய்லாந்திடம் 0-4 என்று நொறுங்கினார்கள், ஆனால் அந்த வெள்ளிக்கே ஊர் திரண்டு கொண்டாடியது. அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் நடந்த முதல் டைகர் கிண்ணத்தில் மூன்றாம் இடம்.

வெள்ளியின் இனிப்பு சீக்கிரம் கசந்தது. 1999, 2003, 2005 என்று இறுதிகளில் தாய்லாந்திடம் தோல்வி. 2009இல் லாவோஸில் தாய்லாந்து இல்லை, எதிரில் மலேசியா, அதிலும் 0-1. அன்று இரவு கோலாலம்பூரில் நாங்கள் குதித்துக் கூத்தாடினோம், எதிர்ப்பக்கத்து வலியைப் பற்றி யோசிக்கவேயில்லை. 1995ஐயும் சேர்த்து ஐந்து இறுதிகள், ஐந்து வெள்ளி. ஒவ்வொரு முறை தோற்றபோதும் கணக்கு ஒன்றை எண்ண வேண்டியிருந்தது: கடைசியாக எப்போது தங்கம் வென்றோம்? பதில், 1959. வென்றது யார்? அங்கேதான் இடித்தது.

2019 டிசம்பர் 10 அன்று மணிலாவில், பயிற்றுநர் பார்க் ஹாங் சியோவின் வியட்நாம் பையன்கள் இந்தோனேசியாவை 3-0 என்று வென்றார்கள். தற்காப்பாளர் தோவான் வான் ஹாவ் இரண்டு கோல் போட்டார். வியட்நாமியப் பத்திரிகைகள் ஒரே எண்ணைப் பெரிதாக எழுதின: அறுபது ஆண்டுக் காத்திருப்பு. எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் சிரிப்பும் வந்தது, வியப்பும் வந்தது. அறுபது என்று எழுத வேண்டுமானால் 1959ஐ நம்முடையது என்று சொல்ல வேண்டும். 1959ஐ நம்முடையது என்றால் பாம் வான் ராங் நம்மவர், கோங் ஹோவா அரங்கம் நம்முடையது, மூன்று பட்டைகள் போட்ட மஞ்சள் கொடியின் கீழ் ஆடிய அந்த அணியும் நம்முடையது. அந்தக் கொடியைக் காட்டினால் இன்றும் அங்கே வம்பு. அந்தக் கொடியின் கீழ் வென்ற தங்கம் மட்டும் தேவைப்பட்டது.

இதைப் பித்தலாட்டம் என்று சொல்பவர்கள் உண்டு, முக்கியமாகக் கடல் தாண்டியவர்களிடையே. கலிபோர்னியாவில் உட்கார்ந்துகொண்டு அவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான்: அரசைப் பொம்மை அரசு என்கிறீர்கள், அதன் பதக்கத்தை மட்டும் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்? ஆனால் மறுபக்கத்தையும் யோசித்துப் பார்க்கிறேன். 'முதல் தங்கம்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அது எளிது, அரசியலுக்கும் வசதி. 'அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு' என்று எழுதியதன் மூலம் தோற்ற நாட்டின் ஆட்டக்காரர்களுக்குக் குடும்பத்தில் ஓர் இடம் கிடைத்தது. ஒருவேளை எண்ணிக்கை பெரிதாக இருந்தால் செய்தி சூடாக இருக்கும் என்பதற்காக மட்டுமே அப்படி எழுதியிருக்கலாம். காரணம் எதுவானாலும் ராங்கின் பெயர் மறுபடி அச்சில் வந்தது.

பிபாவுக்கும் ஆசியக் கூட்டமைப்புக்கும் இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. அவர்களுடைய ஏட்டில் இன்றைய வியட்நாம் தென் வியட்நாமின் வாரிசு. 1956, 1960 ஆசியக் கிண்ணங்கள் இரண்டும் அதன் கணக்கில்தான் இருக்கின்றன. மலாயா மலேசியாவானபோது இதே மாதிரி கணக்கு மாறியது, ஜகார்த்தா வெண்கலம் யாருடையது என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. எங்களுக்கு அது சுலபம். பெயர்ப்பலகை மாறியது, வீட்டுக்காரர் மாறவில்லை.

வியட்நாமில் வீட்டுக்காரர் மாறினார். போரில் வென்ற வடக்கின் அணி ஜகார்த்தாவிலும் நோம் பென்னிலும் நடந்த கனேபோ விளையாட்டுகளில் (ஒலிம்பிக்குக்குப் போட்டியாக இந்தோனேசியா தொடங்கியவை) ஆடியது, சோசலிச நாடுகளோடு நட்பு ஆட்டங்கள் ஆடியது. அந்த ஆட்டங்கள் பழைய பட்டியல்களில் சிதறிக் கிடக்கின்றன. நாட்டை இழந்த தெற்கின் அணி விட்டுப்போனவை ஒரு சீப் தங்கம், ஒரு மெர்டேக்கா கிண்ணம், ஆசியக் கிண்ணத்தில் இரண்டு நான்காம் இடங்கள், உலகக் கிண்ணத் தகுதிச்சுற்றில் ஒரு வெற்றி. ஹனோயில் இருக்கும் சங்கத்தின் வரலாறு இன்றும் இவற்றிலிருந்துதான் தொடங்குகிறது.